பழைய பத்திரிகை சமையல் புத்தகத்தைத் தேதி பார்த்துச் சமைப்பது எப்படி

நியூஜெர்சிக்கு வந்த மூன்றாவது வருடம், எங்கள் ஊர் நூலகத்தில் நடந்த பழைய புத்தக விற்பனையில் 2 டாலருக்கு ஒரு தடித்த புத்தகம் வாங்கினேன். 1961-இல் வெளிவந்த 'நியூயார்க் டைம்ஸ் குக்புக்'. அதிலிருந்து பிடித்துக்கொண்டது இந்தப் பழக்கம். அமெரிக்கப் பத்திரிகைகளில் உணவுப் பக்கம் நடத்திய ஆசிரியர்களின் புத்தகங்கள் எங்கே கிடைத்தாலும் விடுவதில்லை. உங்களுக்கும் ஒன்று கிடைத்தால் அலமாரியில் பூட்டி வைக்காமல் சமையுங்கள். வாங்கும்போது பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, வெண்ணெய்க் கறையும் பென்சில் குறிப்பும் உள்ள பிரதியாக எடுங்கள். கறை பட்ட பக்கத்தில் இருப்பது யாரோ ஒருவர் பலமுறை செய்து பார்த்த குறிப்பு.

அடுத்து, யார் எழுதியது, எந்த வருடம் என்று பாருங்கள். அட்டையிலுள்ள பெயரை அப்படியே நம்ப வேண்டாம். சிகாகோ டிரிப்யூனில் 'மேரி மீட்' என்ற பெயரில் எழுதியவர் ரூத் எலன் சர்ச். ஹெர்ஸ்ட் குழுமத்தின் பத்திரிகைகளில் 'புரூடென்ஸ் பென்னி' என்ற ஒரே பெயருக்குள் பல ஊர்களில் பல பெண்கள் இருந்தார்கள். என் 2 டாலர் புத்தகத்தின் அட்டையில் கிரெய்க் கிளைபோர்ன் பெயர்தான் இருக்கிறது. அவர் டைம்ஸின் உணவு ஆசிரியரானது 1957-இல். ஆனால் உள்ளே இருக்கும் ஏறக்குறைய 1,500 குறிப்புகள் 1950-களில் அந்தப் பத்திரிகையில் வந்தவை. அந்தப் பத்தாண்டில் பெரும்பகுதி அந்த நாற்காலியில் இருந்தவர் ஜேன் நிக்கர்சன். அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன். நீங்களும் நினைக்க வேண்டும் என்பது என் ஆசை. நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூனின் கிளெமன்டைன் பேடில்ஃபோர்டு வேறு மாதிரி. சின்ன விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வீட்டுச் சமையலறைகளில் கேட்டு எழுதியவர். 1960-இல் வந்த அவருடைய 'ஹவ் அமெரிக்கா ஈட்ஸ்' புத்தகத்தில் குறிப்போடு அதைத் தந்தவரின் கதையும் சேர்ந்தே வரும். அதை விட்டுவிட்டு அளவுகளை மட்டும் படிக்காதீர்கள்.

அளவுகளில் தடுமாற்றம் வரும். 'மிதமான ஓவன்' என்றால் 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் சுமார் 175 செல்சியஸ். ஒரு 'ஸ்டிக்' வெண்ணெய் 113 கிராம். 'நம்பர் 2 கேன்' என்று டப்பா அளவு சொன்னால் ஏறக்குறைய இரண்டரை கப். இவற்றை ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டால் போதும்.

சரி, அடுப்பைப் பற்ற வைக்கலாம். முதலில், டைம்ஸில் உணவு பற்றி எழுதிய மரியன் பரோஸின் பிளம் டோர்ட்டை, அதாவது பிளம்ஸ் பதித்த கேக்கை, செய்து பாருங்கள். 1983 முதல் 1989 வரை ஒவ்வொரு வருடமும் டைம்ஸில் அதே குறிப்பு வந்தது. கடைசி வருடம், வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சுற்றிலும் கோடு போட்டே அச்சிட்டார்கள். நான் அதை முதன்முதலில் ஜூலையில் செய்தேன். கடையில் பளபளவென்றிருந்த உருண்டை பிளம்ஸைப் போட்டேன். சாறு முழுக்க மாவில் இறங்கி, நடுவில் களி மாதிரி நின்றுவிட்டது. குறிப்பு செப்டம்பரில் வந்ததற்குக் காரணம் உண்டு. அப்போதுதான் நீளவாட்டான, கருநீல இத்தாலியன் பிளம்ஸ் சந்தைக்கு வரும். அதில் சாறு குறைவு, கொட்டையும் சுலபமாகக் கழன்றுவரும். பத்திரிகைக் குறிப்பு அன்றைய சந்தையைப் பார்த்து எழுதியது. அதனால் மாதம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அரை கப் வெண்ணெயையும் முக்கால் கப் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடியுங்கள். ஒரு கப் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு முட்டை சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். மாவு கெட்டியாகத்தான் இருக்கும், பால் ஊற்றிவிடாதீர்கள். பக்கவாட்டு வளையம் கழலும் 9 அங்குல அச்சில் பரப்புங்கள். 12 பிளம்ஸை இரண்டாக வகிர்ந்து, தோல் மேலே பார்க்க அடுக்குங்கள். மேலே கொஞ்சம் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் பட்டைத்தூள். 350 டிகிரியில் ஒரு மணி நேரம் என்பது கணக்கு. என் ஓவனில் 50 நிமிடத்திலேயே வெந்துவிடுகிறது, அதனால் 45-ஆவது நிமிடத்திலிருந்து குச்சி குத்திப் பாருங்கள். பழம் மெல்ல உள்ளே இறங்க, மாவு அதைச் சுற்றி எழும்பி வரும். கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு இன்னமும் அலுக்கவில்லை.

இத்தாலியன் பிளம்ஸ் கொஞ்ச நாள்தான் கிடைக்கும். அதனால் கிடைக்கிற வாரத்தில் மூன்று டோர்ட் செய்து, ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, மற்ற இரண்டையும் நன்றாக ஆறவைத்து, இரண்டு சுற்று ஃபாயிலில் பொதிந்து ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது குளிர் விட்டதும் 300 டிகிரியில் சிறிது நேரம் சூடாக்கினால் போதும். ஃபாயிலின் மேல் தேதி எழுத மறக்காதீர்கள்.