தெருவோவியப் பெட்டி செய்வோம்: பால்மர இலை முதல் கூரியர் வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ அதிக தூரமில்லை. 2014-இல் ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் அங்கே வரைந்த சுவர்களின் முன் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நின்று படமெடுத்துக்கொண்டு வருவார்கள். 2012-இல் பினாங்கின் ஜார்ஜ் டவுன் சுவரில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்தவரும் அவர்தான். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஏக்கம் வரும்: ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான நம் லயத்துக் கதை எப்போது நம் சுவருக்கு வரும்? அந்த ஏக்கத்தில் பிறந்ததுதான் இந்தப் பெட்டி: பிள்ளைகள் தாங்களே சுவரில் படம் அடிக்கத் தேவையானதை அடைத்து, கூரியரில் அனுப்பும் பெட்டி.

பெட்டியைத் திறக்கப்போவது பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லா முடிவுகளும் அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்து எடுத்தவை. அதனால் பெட்டிக்குள் கத்தி கிடையாது. ஸ்டென்சில்களை, அதாவது படத்தின் வடிவில் துளை வெட்டிய தாள்களை, நாமே வெட்டி வைக்கிறோம்.

முதலில் படம்

பால்மர இலையில், அதாவது ரப்பர் மரத்தின் இலையில், தொடங்குங்கள். ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள். ஒவ்வொன்றும் தனித்தனி வடிவம் என்பதால் வெட்டுவது எளிது. கோலகங்சாரில் 1877-இல் நட்ட பால்மரத்தைப் பார்க்கப் போனால் கீழே விழுந்த இலை ஒன்றை எடுத்து வந்து, தாளில் வைத்து விளிம்பைச் சுற்றி வரையுங்கள். இணையத்தில் கிடைக்கும் படத்தைவிட அது நூறு மடங்கு உயிரோடு இருக்கும்.

இரண்டாவது படம், பால் வடியப் பட்டையில் வெட்டுப் போட்ட மரமும், பாலைப் பிடிக்க அதில் கட்டிய மங்கு என்ற கிண்ணமும். மூன்றாவது, பிள்ளை தன் பெயரை எழுத உதவும் எழுத்துகள். ஒரு பெட்டிக்கு இந்த மூன்றும் போதும்.

வெட்டுவது

சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை ஏ4 அளவில் வாங்குங்கள். அட்டை வேண்டாம், ஈரம் பட்டால் இரண்டாவது முறையே ஊறிவிடும். தாளுக்கு அடியில் படத்தை வைத்து, கட்டரைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்து, சிறிய துளைகளை முதலிலும் பெரியவற்றைக் கடைசியிலும் வெட்டுங்கள். பெரியதை முதலில் வெட்டினால் தாள் தளர்ந்து ஆடும்.

தமிழ் எழுத்துகளுக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். ஸ்டென்சிலில் வெட்டிய இடத்தில் மட்டுமே வண்ணம் போகும். 'ட', 'ப', 'ர' மூன்றையும் அப்படியே வெட்டிவிடலாம். 'ண' வந்தால் கதை வேறு. சுழியைச் சுற்றி வெட்டி முடித்ததும் நடுவிலிருக்கும் துண்டு பொத்தென்று விழும். சுவரில் சுழிக்குப் பதில் ஒரு கறுப்புப் பொட்டுதான் மிஞ்சும். அதைத் தடுக்க, நடுத்துண்டையும் வெளித்தாளையும் இணைக்கும் மெல்லிய பட்டை ஒன்றை வெட்டாமல் விட வேண்டும். அதற்குப் பாலம் என்று பெயர். பத்து சென்டிமீட்டர் உயர எழுத்துக்கு மூன்று மில்லிமீட்டர் பாலம் விடுங்கள். அதைவிட மெலிந்தால் கழுவும்போது அறுந்துவிடும். 'கண்மணி' என்ற பெயரை ஒருமுறை வெட்டிப் பழகுங்கள். பிறகு எந்தப் பெயரும் கடினமாகத் தோன்றாது.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வெட்டுமரப் படத்தை முதன்முதலாகச் சுவரில் அடித்தபோது, முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "தம்பி, கோடு தப்பாக ஓடுகிறது" என்றார். இடது மேலிருந்து வலது கீழாக இறங்க வேண்டிய வெட்டு, எதிர்ப்பக்கமாக இறங்கியிருந்தது. ஸ்டென்சிலைத் திருப்பிப் போட்டிருந்தேன். அவர் தன் விரலால் சரியான சாய்வைக் காற்றில் இழுத்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் மூலையிலும் அழியாத மையில் 'இந்தப் பக்கம் உங்களைப் பார்க்கட்டும்' என்று எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

வண்ணம்

ஸ்ப்ரே டின் வேண்டாம். அழுத்தத்தில் அடைத்த, எளிதில் தீப்பற்றும் பொருளைக் கூரியரில் சாதாரணப் பொட்டலமாக அனுப்ப முடியாது. அந்தப் புகையைப் பிள்ளைகள் சுவாசிப்பதும் நல்லதல்ல. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் கறுப்பு, வெள்ளை, பச்சை, செம்மண் நிறம் என நான்கை, 30 மில்லிலிட்டர் குப்பிகளில் வையுங்கள். ஒரு லிட்டர் சுவர் வண்ணம் ஏறத்தாழ பத்துச் சதுர மீட்டருக்கு வரும் என்று வைத்தால், ஒரு குப்பி இரண்டு ஏ3 தாள்களை முழுவதுமாக நிரப்பும். ஸ்டென்சிலில் திறந்த இடம் குறைவு என்பதால் பல படங்களுக்குத் தாங்கும்.

தூரிகைக்குப் பதில், பாத்திரம் துலக்கும் பஞ்சை நான்காக வெட்டி வையுங்கள். வண்ணத்தில் தொட்டு, பழைய நாளிதழில் ஒற்றி, பஞ்சு ஏறக்குறைய காய்ந்த நிலையில் செங்குத்தாகத் தட்ட வேண்டும். தேய்த்தால் தாளுக்கு அடியில் வண்ணம் கசியும். குறிப்பு அட்டையில் இதைத்தான் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அனுமதித் தாள்

பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படவேண்டியது இதுதான். பள்ளிச் சுவர் என்றால் தலைமையாசிரியர், தோட்டத்துச் சுவர் என்றால் நிர்வாகம், தெருச் சுவர் என்றால் உரிமையாளரோடு நகராண்மைக் கழகமும் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். மலாயிலும் தமிழிலும் நிரப்பும்படி ஒரு மாதிரிக் கடிதம் அச்சிட்டு வையுங்கள். அனுமதி கிடைக்கும்வரை ஒட்டுப்பலகையில் அடித்துப் பழகலாம். பழைய லயத்துச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் சுண்ணாம்பு ஒட்டினால், அடிப்பூச்சு இல்லாமல் எந்த வண்ணமும் அங்கே நிற்காது.

அடைப்பது

ஸ்டென்சிலைச் சுருட்டக் கூடாது. சுருண்ட தாள் சுவரோடு ஒட்டிப் படியாது. 31 × 22 × 5 சென்டிமீட்டர் தட்டைப் பெட்டி சரியாக இருக்கும். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து எடை காணும் கூரியர் கணக்கில் இது 0.7 கிலோவுக்குள் அடங்கும். அடியில் குப்பிகள், தனி ஜிப் பையில். மேலே பஞ்சும் ஒட்டுநாடாவும். அதற்கு மேல் இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஸ்டென்சில்கள். பிறகு குறிப்பு அட்டை. எல்லாவற்றுக்கும் மேல் அனுமதித் தாள்.

மூடிய பெட்டியை நாளிதழின் மேல் தலைகீழாக வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் நாளிதழ் நனையாமல் இருந்தால், பெட்டியை அக்கம்பக்கத்துப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் தள்ளி உட்காருங்கள். அவள் கை எங்கே தயங்கி நிற்கிறதோ, குறிப்பு அட்டையில் அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.