எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை: பள்ளியில் பாட்டு வகுப்பை எப்படி நடத்துவது?

பல பள்ளிகளில் பாட்டு வகுப்பு ஆண்டு விழா நெருங்கும்போதுதான் உயிர்பெறும். நல்ல குரல் உள்ள பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்து, இரண்டு பாட்டைத் தயார்செய்து மேடையேற்றிவிட்டால் அந்த வருடத்துக்கு வேலை முடிந்தது. மற்ற பிள்ளைகள் எல்.கே.ஜி.யில் சேர்ந்து பிளஸ் டூ முடிக்கும் வரை ஒரு வரிகூட வாய்விட்டுப் பாடாமலே வெளியே போகிறார்கள். இதை மாற்ற நினைக்கும் பாட்டு ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டைம்டேபிள். எட்டாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு பீரியட் வேண்டும், காலாண்டுத் தேர்வு வருகிறது என்று கணக்கு டீச்சர் கேட்டாலும் அதைக் கொடுக்கக் கூடாது. மழலையர் வகுப்புக்கு முழு பீரியட் தேவையில்லை, தினமும் பதினைந்து நிமிடம் போதும்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி.யில் ஸ்வரம் (ஸ, ரி, க, ம, ப, த, நி) சொல்லிக்கொடுக்க வேண்டாம். தாளத்துக்கு நடப்பது, சத்தம் நின்றதும் நிற்பது, கை தட்டுவது, ஊரில் பாட்டிமார் பாடும் விளையாட்டுப் பாட்டு, தாலாட்டு, கும்மி, இவையே போதும். ஆனால் சுருதியில், அதாவது பாட்டைத் தொடங்கும் ஆதார ஒலியின் உயரத்தில், மட்டும் கவனம் வேண்டும். அந்த உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஆசிரியை தனக்கு வசதியான ஐந்து கட்டையில் ஆரம்பித்தால் கீழ் ஸட்ஜமம் (ஸ) குழந்தைகளுக்குத் தாழ்ந்துபோய் எட்டாது, ஆண் ஆசிரியர் தன் குரலில் பாடினால் அந்தத் தாழ்வைப் பிடிக்கப் பார்த்து அவர்கள் கரகரப்பார்கள். சுருதிப்பெட்டியை அதற்கு மேலே வரும் ஒன்றரை அல்லது இரண்டு கட்டையில் வைத்துக்கொண்டு, ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமம் (ப), தைவதம் (த) வரைக்குள் அடங்கும் பாட்டாகப் பார்த்து எடுங்கள். ஆண் ஆசிரியராக இருந்தால் ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ அந்த ஸ்வரத்தைக் காட்டலாம், இல்லை சுருதி சேர்ந்து பாடும் ஒரு குழந்தையை முதலில் பாடவிடலாம்.

அப்புறம், சுருதி சேராத குழந்தை. "நீ சும்மா வாயசைச்சா போதும்" என்ற வார்த்தை பாட்டு வகுப்பில் வரவே கூடாது. அதைக் கேட்ட பிள்ளை தனக்குப் பாட்டு வராது என்று முடிவு கட்டிவிடும், பெரியவரான பிறகும் அந்த எண்ணம் போகாது. இப்படிச் செய்து பாருங்கள். மற்றவர்கள் பார்க்காத நேரத்தில் அந்தக் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆம்புலன்ஸ் சத்தத்தை 'ஊ' என்று மேலும் கீழும் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது பேசும் குரலிலேயே பாடிக்கொண்டிருக்கும், மேலே ஒரு குரல் இருப்பதே அதற்கு இப்போதுதான் தெரியவரும். பிறகு அதற்கு வசதியான ஏதாவது ஒரு ஒலியை நீட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் போய் அந்த ஒலியில் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு குரலும் ஒன்றாவது எப்படிக் கேட்கும் என்பது அதன் காதில் விழவேண்டும். விழுந்ததும் அரைக் கட்டை மேலே போங்கள், அது கூடவே வரும், வராவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பி மறுபடி சேருங்கள். கூட்டமாகப் பாடும்போது நன்றாகப் பாடும் பிள்ளையின் பக்கத்தில் உட்காரவையுங்கள். சில பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளில் தாளம் முந்தட்டும். தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு நம் கையில் இருக்கும்போது வேறு எதையும் தேடிப்போக வேண்டாம்: மூன்றுக்கு தகிட, நான்குக்கு தகதிமி, ஐந்துக்கு தகதகிட, ஏழுக்கு தகிட தகதிமி, ஒன்பதுக்கு தகதிமி தகதகிட. நாலாம் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தகிடவை நாலு முறையும் மறு பக்கம் தகதிமியை மூன்று முறையும் ஒரே வேகத்தில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டுமே பன்னிரண்டு என்பதால் அடுத்த சுற்றின் முதல் எழுத்தில் இரு பக்கமும் சரியாக வந்து சேரும். அந்த இடம் வரும்போது வகுப்பே கத்தும், கத்தட்டும். ஆதி தாளம் போடப் பழக்குவதும் இப்போதுதான்: தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு.

ஸ்வரத்துக்கு, மரபுப்படி மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற முதல் ஸ்வரப் பயிற்சியைத் தொடங்குவோம். முன்பாதியான ஸரிகமவும் பின்பாதியான பதநிஸவும் ஒரே இடைவெளியில் அமைந்திருப்பதால் அது நல்ல தேர்வுதான். ஆனால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்றாம் வகுப்புக்கு நான் மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களை முன்னால் வைப்பேன். அதில் அரைக் கட்டை இடைவெளியில் ஒட்டி உட்காரும் ஸ்வரங்கள் இல்லை, பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த வருடம் சரளி, பிறகு ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரட்டித்துப் பாடும் ஜண்டை வரிசை. எழுதிக்கொடுப்பது கடைசியில். காதில் ஏறிய பாட்டைத்தான் நோட்டில் எழுதவேண்டும்.

ஆறிலிருந்து எட்டு வரை வாத்தியங்களுக்கு ஏற்ற வயது. பணம் குறைவாக இருந்தால் கீபோர்டில் தொடங்காதீர்கள். பறை, கஞ்சிரா, உடுக்கை வாங்குங்கள், ஊரில் பறை அடிக்கும் கலைஞரை உரிய சம்பளம் கொடுத்து அழைத்து வாருங்கள். கீபோர்டு ஒன்று போதும், ஸ்வரஸ்தானம், அதாவது ஸ்வரத்தின் சரியான இடம், காட்ட. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை அது காட்டாது, அது குரலின் வேலை.

இந்த வயதில்தான் பையன்களுக்குக் குரல் உடையும். ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஸ முதல் அடுத்த ஸ வரையான அளவு) கீழே இறங்கும், நடுவில் கிறீச்சிடும், பையன் வெட்கப்பட்டுப் பின்பெஞ்சுக்குப் போய்விடுவான். பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவனுக்கென்று ஐந்தாறு ஸ்வரத்துக்குள் அடங்கும் தாழ்ந்த வரியை ஒதுக்குங்கள், மேலே இழுக்காதீர்கள், குரல் நிலைப்படும் வரை தாளப் பொறுப்பைக் கொடுங்கள்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பொதுத்தேர்வு நெருக்கும். வாரம் ஒரு பீரியடாவது காப்பாற்றுங்கள். அதில் கேட்பதற்கு நேரம் ஒதுக்குங்கள்: ஒரே பாட்டை இரண்டு பேர் பாடியதைப் போட்டு என்ன வித்தியாசம் என்று பேசவிடுங்கள். தேவாரத்தில் பழம்பஞ்சுரம் என்ற பண் (பழைய தமிழ் ராகம்) இன்று சங்கராபரண ராகமாகப் பாடப்படுகிறது, அதே ஸ்வரங்கள்தான் மேற்கத்திய மேஜர் ஸ்கேல் என்பதைப் பாடிக்காட்டினால் போதும், கிட்டார் வாசிக்கும் பையனும் நிமிர்ந்து உட்காருவான். சினிமாப் பாட்டையும் ஒதுக்காதீர்கள், ராகம் கண்டுபிடிக்க அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

மேலே படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு வழி சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். சி.பி.எஸ்.இ.யில் பதினொன்று, பன்னிரண்டில் கர்நாடக இசையைப் பாடமாகவே எடுக்கலாம். பல மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன.

மதிப்பெண் போடவேண்டி வந்தால் குரல் இனிமைக்குப் போடாதீர்கள், சுருதி, தாளம், நினைவு மூன்றுக்கும் போடுங்கள். ஜூனிலும் மார்ச்சிலும் ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் போனில் பதிந்து இரண்டையும் அவர்களுக்கே போட்டுக்காட்டுங்கள். ஆண்டு விழாவுக்கு அந்த வருடம் வகுப்பில் பாடிய பாட்டையே எடுங்கள், தனி ஒத்திகை அதிகம் தேவைப்படாது. முழு வகுப்பும் மேடையேறட்டும், மைக்கை முன்வரிசை நாலு பேர் கையில் கொடுக்காமல் ஸ்டாண்டில், சற்றுத் தள்ளி, எல்லோர் குரலும் விழுகிற மாதிரி வையுங்கள்.