தட்டுவடையை முன்கூட்டியே அடுக்காதீர்கள்: கெஸ்டுக்கு டிவைஸ் மெமரி கொடுக்கும் முறை

சேலத்தில் தட்டுவடை செட் போடுகிற யாரும் காலையிலேயே நூறு செட் அடுக்கி வைப்பதில்லை. தட்டுவடை ஒரு டப்பாவில் இருக்கும், துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் ஒரு பாத்திரத்தில், சட்னி தனியாக. கேட்ட பிறகுதான் அடுக்கித் தருவார்கள். முன்னாலேயே அடுக்கினால் நமத்துப் போகும். அம்மாபேட்டையில் வீட்டு மாடியில் இரண்டு மெஷினை வைத்துக்கொண்டு கெர்னல் டிரைவர் எழுதுகிறவள் நான். இந்தச் சின்ன நியாயம் மறந்துபோய் மூன்று இரவுகளைத் தொலைத்தேன்.

கையில் இருந்தது 8 ஜிபி பார் உள்ள ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. பேஸ் அட்ரஸ் ரிஜிஸ்டர் காட்டுகிற மெமரிப் பகுதியைத்தான் நாங்கள் பார் என்கிறோம், வேறு எதையும் நினைக்க வேண்டாம். விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் கெஸ்ட் அந்தப் பகுதியை நேரடியாகப் படிக்க வேண்டும், எழுத வேண்டும். ஒரு புரோகிராம் அந்த மெமரியைத் தன் முகவரிப் பரப்புக்குள் கேட்கும் எம்மேப் அழைப்பு வந்ததுமே 'ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச்' போட்டு 8 ஜிபியையும் ஒரே மூச்சில் மேப் செய்துவிட்டேன். நன்றாகத்தான் ஓடியது. கெஸ்டை ரீபூட் செய்தால் மட்டும் பத்தில் ஒரு தடவை, கெஸ்டை ஓட்டும் நிஜ மெஷினான ஹோஸ்டே உறைந்து நின்றது. முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டு யூபிஎஸ்ஸை மாற்றினேன். செலவுதான் மிச்சம்.

நடந்தது இதுதான். ரீசெட் ஆகும்போது கார்டின் கமாண்ட் ரிஜிஸ்டரில் பாரைத் திறந்து வைக்கும் மெமரி பிட் அணைந்துவிடும். அந்த இடைவெளியில் பாரைப் படித்தால் கார்டு பதில் சொல்லாது. சில மெஷின்களில் எல்லா பிட்டும் 1 ஆக ஒரு குப்பை மதிப்பு வரும். சில மெஷின்கள் அதையே கொடிய பிழையாக எடுத்துக்கொண்டு மொத்தமாகப் படுத்துவிடும். என் ஹோஸ்டில் ஒரு கண்காணிப்பு புரோகிராம் பழைய மேப்பிங் வழியாகப் படித்துக்கொண்டே இருந்தது. டிவைஸைக் கெஸ்டுக்கு நேரடியாகக் கொடுக்கும் லினக்ஸின் விஎஃப்ஐஓ டிரைவரிலேயே இந்த ஜாதிப் பிழை ஒன்று 2020இல் பிடிபட்டது. பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரும் எண்ணான சிவிஇ-2020-12888 என்று தேடினால் கிடைக்கும்.

சரி, திருத்துவது எப்படி என்று பார்ப்போம். ஃபங்ஷன் பெயர்களை வாயில் சொல்வது போலவே எழுதுகிறேன்.

எம்மேப்பில் எதையும் மேப் செய்யாதீர்கள், தொட்ட பிறகு தரலாம். அளவு சரியா, ஷேர்டு மேப்பிங்தானா என்று பாருங்கள். பிரைவேட் என்றால் மறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் கெர்னலையே நிறுத்தும் பக்_ஆன் சோதனை உங்களுக்காகக் காத்திருக்கும். பேஜ் புரொடக்‌ஷனை நான்கேஷ்டு, அதாவது கேஷில் வைக்காதது, ஆக்குங்கள். விஎம்_ஐஓ, விஎம்_பிஎஃப்என்மேப், விஎம்_டோன்ட்எக்ஸ்பாண்ட், விஎம்_டோன்ட்டம்ப் ஆகிய நான்கு கொடிகளையும் ஏற்றி, உங்கள் ஃபால்ட் ஃபங்ஷன் (மேப் ஆகாத இடத்தைத் தொட்டால் கெர்னல் அழைப்பது) இருக்கும் விஎம் ஆப்ஸ் என்ற ஃபங்ஷன் பட்டியலைக் கோத்துவிட்டுத் திரும்புங்கள். எம்மேப்பின் வேலை அவ்வளவுதான்.

அப்புறம் கெஸ்ட் முதல் தடவை தொடும்போது என்ன ஆகும்? முகவரிகளை மாற்றித் தரும் கெஸ்டின் பேஜ் டேபிள் கெஸ்ட் ஃபிசிக்கல் முகவரி வரைதான் கொண்டுவிடும். அதற்கு மேல் இன்டெலில் இபிடி, ஏஎம்டியில் என்பிடி என்ற இரண்டாவது டேபிள். அதில் அந்த இடம் காலி என்பதால் ப்ராசசர், கெஸ்டை ஓட்டும் லினக்ஸ் பகுதியான கேவிஎம்மிடம் வந்து நிற்கும். கேவிஎம் அந்த முகவரிக்கு உரிய ஹோஸ்ட் முகவரியைக் கண்டுபிடித்து, ஹோஸ்ட் பேஜ் டேபிளைப் பார்க்கும். அங்கேயும் காலி என்றால் 'ஃபிக்ஸ்அப்_யூசர்_ஃபால்ட்' மூலம் உங்கள் ஃபால்ட் ஃபங்ஷனைத் தட்டும். அது போட்டுக் கொடுத்ததை எடுத்து இபிடியில் எழுதிக்கொள்ளும். டிரைவருக்கு கேவிஎம் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம். இந்த ஏற்பாட்டின் அழகே எனக்கு இதுதான்.

ஃபால்ட் ஃபங்ஷனுக்குள் வேலை குறைவு: உங்கள் ரீட்-ரைட் செமஃபோரை (ரீட் பக்கம் பலர், ரைட் பக்கம் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) ரீட் பக்கம் பிடியுங்கள், மெமரி பிட் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், பார் தொடங்கும் பிஎஃப்என்னோடு (ஃபிசிக்கல் பேஜ் எண்), ஃபால்ட் விவரமான விஎம்எஃப்பின் பிஜிஆஃபை (எத்தனையாவது பேஜ்) கூட்டுங்கள், 'விஎம்எஃப்_இன்சர்ட்_பிஎஃப்என்' அழையுங்கள், பூட்டை விடுங்கள். பிஜிஆஃபுக்குள், எம்மேப் செய்த பகுதியான விஎம்ஏவின் ஆஃப்செட் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதை மறுபடி கூட்டி, அடுத்த ரிஜிஸ்டர் தொகுதியில் எழுதிவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

ஆத்தூரிலிருந்து என்னிடம் வேலை பழகும் தம்பி ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு போன் செய்தான். "அக்கா, நோபேஜ்னு எரர் வருது." அது எரர் இல்லை. 'டேபிளில் நானே எழுதிவிட்டேன், உனக்குத் தர ஸ்ட்ரக்ட் பேஜ் (சாதாரண ரேம் பேஜுக்கு கெர்னல் வைக்கும் குறிப்பு) எதுவும் இல்லை' என்பதுதான் விஎம்_ஃபால்ட்_நோபேஜுக்கு அர்த்தம். வெற்றி என்றால் அதுதான் வரும். கெஸ்டின் ப்ராசசர்களான இரண்டு விசிபியு ஒரே பேஜில் ஒரே நேரத்தில் வந்து மோதினாலும், இரண்டாவதாக வருபவருக்கும் நோபேஜ்தான் கிடைக்கும். கவலை வேண்டாம்.

நிஜமான வேலை மேப்பிங்கைக் கொடுப்பதில் இல்லை, திரும்பப் பிடுங்குவதில் இருக்கிறது. ரீசெட்டுக்கு முன் அதே செமஃபோரை ரைட் பக்கம் பிடித்து, 'அன்மேப்_மேப்பிங்_ரேஞ்ச்' அழைத்து, பாருக்கு உரிய எல்லா மேப்பிங்குகளையும் துடைக்க வேண்டும். துடைக்கும்போதே, பேஜ் டேபிள் மாற்றத்தைத் தெரிவிக்கும் எம்எம்யூ நோட்டிஃபையர் கேவிஎம்முக்குச் சேதி சொல்லும், அது தன் இபிடி பதிவுகளையும் அழிக்கும். பிறகு ரீசெட், மெமரி பிட்டைத் திருப்பி ஏற்றுதல், கடைசியில் பூட்டை விடுதல். நடுவில் வரும் ஃபால்ட் ரீட் பூட்டில் தூங்கிக் காத்திருந்து, கார்டு எழுந்ததும் தானாகத் தொடரும். கெஸ்டுக்குச் சின்னத் தயக்கம், அவ்வளவே. பூட்டு கிடைத்த பிறகும் பிட் அணைந்தே இருந்தால்தான் விஎம்_ஃபால்ட்_சிக்பஸ் என்ற நிஜப் பிழை. கெஸ்ட் ஓடும் பக்கத்தில் அது, விர்ச்சுவல் மெஷினைத் தொடங்கி நடத்தும் க்யூஇஎம்யூவின் 'கேவிஎம் ரன் ஃபெயில்டு, பேட் அட்ரஸ்' என்ற வரியாகத் தெரியும்.

பிட்டைப் பார்ப்பதும் டேபிளில் எழுதுவதும் ஒரே பூட்டுக்குள் இருக்க வேண்டும். பார்த்துவிட்டுப் பூட்டை விட்டு அப்புறம் எழுதினால், அந்த இடுக்கில் ரீசெட் நுழைந்துவிடும். என் இரண்டாவது இரவு இதில்தான் போனது.

மூன்றாவது இரவு பூட்டு வரிசையில் போனது. ஃபால்ட் வரும்போது கெர்னல், புரோகிராமின் மொத்த முகவரிப் பரப்புக்கான எம்மேப் பூட்டையோ, விஎம்ஏவின் சொந்தப் பூட்டையோ பிடித்துக்கொண்டுதான் உங்களிடம் வரும். அதற்குப் பிறகுதான் உங்கள் பூட்டு. நீங்கள் வேறு இடத்தில் உங்கள் பூட்டைப் பிடித்துவிட்டு எம்மேப் பூட்டைக் கேட்டால், இருவரும் ஒருவர் வாசலை ஒருவர் மறித்துக்கொண்டு நிற்பீர்கள். நேரடியாகக் கேட்காவிட்டாலும் 'காப்பி_டு_யூசர்' கேட்டுவிடும், அதற்குள்ளும் ஃபால்ட் வரலாம் அல்லவா. அதனால் பூட்டுக்குள் ஒரு தற்காலிக பஃபரில் எடுத்து, பூட்டை விட்ட பிறகு யூசருக்குக் கொடுங்கள். 'அன்மேப்_மேப்பிங்_ரேஞ்ச்' எம்மேப் பூட்டைத் தொடாது, அதற்காகவே அதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் எல்லா மேப்பிங்குகளும் ஒரே அட்ரஸ் ஸ்பேஸின் (ஃபைலுக்கு கெர்னல் வைக்கும் மேப்பிங் பட்டியல்) கீழ் இருந்தால்தான் அது எல்லோரையும் துடைக்கும். டிவைஸ் நோடு ஒன்றுக்கு மேல் இருந்தால், ஓப்பனில் எஃப்_மேப்பிங்கை ஒன்றாக்கி வையுங்கள். கெர்னலைக் கட்டும்போது ப்ரூவ்_லாக்கிங்கை ஏற்றினால், பூட்டு வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப் இந்தப் பிழைகளை முன்னாலேயே கத்திச் சொல்லும். நான் அதை ஏற்றியது மூன்றாவது இரவு முடிந்த பிறகு.

வேகம் பற்றிக் கொஞ்சம். 8 ஜிபியை 4 கேபி பேஜ்களாகக் கொடுத்தால் 20,97,152 பதிவுகள். 2 எம்பி என்றால் 4,096. லினக்ஸ் 6.12 முதல் பிஎஃப்என்மேப்பிலும் பெரிய பேஜ் போடலாம்: ஹியூஜ்_ஃபால்ட் எழுதி, முகவரியும் பிஎஃப்என்னும் 2 எம்பி எல்லையில் ஒத்து வராவிட்டால் ஃபால்பேக், அதாவது சின்ன பேஜுக்கே போ, என்று திருப்பிவிடுங்கள். யூசர் பக்கத்தில் எம்மேப் முகவரியும் அந்த எல்லையில் அமைய வேண்டும். இல்லையேல் கோடு சரியாக இருந்தும் எப்போதும் ஃபால்பேக்கே நடக்கும்.

சோதனைக்கு, கெஸ்டுக்குள் ஒரு புரோகிராம் பாரை ஓயாமல் படிக்கட்டும், ஹோஸ்டின் கண்காணிப்பு புரோகிராமும் ஓடட்டும். கெஸ்டை லூப்பில் ரீபூட் செய்யுங்கள். கேவிஎம்_பேஜ்_ஃபால்ட் டிரேஸைப் பதிவு செய்தால், ஒவ்வொரு ரீசெட்டுக்குப் பிறகும் பாரின் முகவரிகளில் ஃபால்ட் திரும்ப வருவது தெரிய வேண்டும். வராவிட்டால் நீங்கள் துடைக்கவே இல்லை.

திருத்திய டிரைவரில் லூப்பைத் தொடங்கிவிட்டு, மாடியில் உட்கார்ந்து திரையையே பார்க்கப் பிடிக்காமல் ஸ்கூட்டரை எடுத்தேன். ஏற்காட்டு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஒண்டிக்கடையில் ஒரு டீ குடித்து, இருட்டுமுன் இறங்கி வந்தேன். ஹோஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது, எண்ணிக்கை 211இல் இருந்தது. பழைய யூபிஎஸ்ஸை மறுநாள் மாட்டிவிட்டேன்.