காலத்தைக் கிராஃப் தாளில் வரைந்து பார்ப்பது எப்படி

தேவையானவை: பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் கிராஃப் தாள் இரண்டு, சீவிய பென்சில், 30 சென்டிமீட்டர் ஸ்கேல், வர்க்கமூலம் போடும் கால்குலேட்டர். போனில் இருப்பதே போதும். ஒரு சாயங்காலம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நான் மதுரைக் கோட்டத்தில் செக்‌ஷன் கண்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றவன். ரயில்கள் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்று நாள் முழுக்கக் கோடு போடுவதுதான் உத்தியோகம். "காலம் நாலாவது பரிமாணமாமே, நிஜமா?" என்று காலை நடையில் கூட வருகிறவர்கள் கேட்டால், வாயால் விளக்க மாட்டேன். தாளைக் கையில் கொடுத்துவிடுவேன். இந்த விஷயம் பேசிப் புரிகிற விஷயமில்லை, வரைந்து புரிகிற விஷயம்.

முதல் தாள்: ரயில்வே கணக்கு

குறுக்கே நேரம், மேலிருந்து கீழே ஊர். இடது ஓரத்தில் உச்சியில் மானாமதுரை. அதற்குக் கீழே வரிசையாகப் பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், கடைசியில் ராமேஸ்வரம். மொத்தம் 110 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாதி வழி தாண்டியதும் ராமநாதபுரம் வரும்படி வைத்தால் போதும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு படுக்கைக் கோடு. அடியில் காலை 6, 7, 8, 9 என்று மணி.

இப்போது மானாமதுரையிலிருந்து ஒரு வண்டி, ராமேஸ்வரத்திலிருந்து ஒரு வண்டி என்று இரண்டு சாய்கோடுகள் போடுங்கள். டைம்டேபிள் தேட வேண்டாம், கற்பனை வண்டிகளே போதும். வேகம் கூடினால் கோடு செங்குத்துப் பக்கம் நிமிரும். வண்டி நின்றால் கோடு படுத்துவிடும். கவனியுங்கள்: பரமக்குடியில் நிற்கிற வண்டியும் தாளில் வலது பக்கம் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

இது ஒற்றைப் பாதை. எதிரெதிர் வண்டிகளின் கோடுகள் ஒரு ஸ்டேஷன் கோட்டின் மேல்தான் வெட்டிக்கொள்ளலாம். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே வெட்டினால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ஒரு வண்டியை முன்னதாக ஸ்டேஷனில் இருக்கும் பக்கத் தண்டவாளத்தில், அதாவது லூப் லைனில் ஏற்றி, கோட்டைப் படுக்கப் போட்டு, எதிர் வண்டி போனதும் மறுபடி சாய்க்க வேண்டும். இதற்குக் கிராஸிங் என்று பெயர். இரண்டு மூன்று கிராஸிங் போட்டுப் பழகுங்கள், கை வந்துவிடும்.

இதோடு 'காலம் பரிமாணம்தான், நிரூபித்தாயிற்று' என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். உட்காருங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கும் காய்ச்சல் சார்ட்டிலும் இரண்டு அச்சு உண்டு. காய்ச்சலைப் பரிமாணம் என்று யாரும் சொல்வதில்லை. அச்சில் ஏறிவிட்டால் மட்டும் போதாது, ஒன்று மற்றொன்றாகக் கலக்க வேண்டும். ஊர் வரைபடத்தில் ஒரு கோடு கிழக்கே 3 கட்டம், வடக்கே 4 கட்டம் போகிறது என்று வையுங்கள். திசை காட்டும் அச்சுகளைக் கொஞ்சம் திருப்பி வரைந்தால் வடக்குப் பங்கு குறைந்து கிழக்குப் பங்கு கூடும். ஆனால் கோட்டின் நீளம் அதே 5. காய்ச்சல் டிகிரியை இப்படி மணியாக மாற்ற முடியாது. கிலோமீட்டரும் நிமிடமும் கலக்குமா? அதற்குத்தான் இரண்டாவது தாள்.

இரண்டாவது தாள்: இரண்டுக்கும் ஒரே அளவுகோல்

கலக்க வேண்டுமானால் முதலில் இரண்டையும் ஒரே அலகில் அளக்க வேண்டும். "பரமக்குடியா, அரை மணி நேரம்" என்று நாமே தூரத்தை நேரத்தில் சொல்கிறோம். ஆனால் அந்த அரை மணி வண்டிக்கு வண்டி மாறும். யார் அளந்தாலும் மாறாத ஒரு வேகம் வேண்டும். அது ஒளியின் வேகம், விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். 1983 முதல் மீட்டரின் வரையறையே இதிலிருந்துதான் வருகிறது: ஒரு விநாடியை 29,97,92,458 பங்காக்கினால், ஒரு பங்கு நேரத்தில் ஒளி போகிற தூரம் ஒரு மீட்டர். உலகம் முழுக்கத் தூரத்தை ஏற்கனவே நேரத்தால்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஏறக்குறைய ஒரு நானோ விநாடி நீளம்.

இந்தத் தாளில் இயற்பியல்காரர்கள் வழக்கப்படி நேரத்தை மேல்நோக்கி வையுங்கள். (ரயில்வேக்காரனுக்கு இது எரிச்சல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஒரு கட்டம் மேலே போனால் ஒரு விநாடி, ஒரு கட்டம் பக்கவாட்டில் போனால் ஒளி ஒரு விநாடியில் போகும் தூரம், சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். இடது கீழ் மூலையிலிருந்து 45 டிகிரியில் ஒரு கோடு இழுங்கள். அது ஒளி. நிலா 1.3 கட்டம் தள்ளி இருக்கிறது.

அடுத்து, மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடும் எக்ஸ்பிரஸை இதில் வரையப் பாருங்கள். ஒரு விநாடியில் 30 மீட்டர்; அதாவது ஒரு கட்டத்தில் கோடியில் ஒரு பங்கு. பென்சில் முனை அதைவிட எத்தனையோ மடங்கு தடிமன். எல்லா ரயிலும், எல்லா விமானமும் நட்டக் கோடாகவே நிற்கும். 1905இல் ஐன்ஸ்டைன் வரும்வரை யாரும் இதைக் கவனிக்காததற்கு இந்தக் கோடியில் ஒரு பங்குதான் காரணம்.

சரி, நிஜ ரயிலை விடுங்கள். பக்கவாட்டில் 3, மேலே 5 என்ற புள்ளிக்கு மூலையிலிருந்து ஒரு கோடு போடுங்கள். ஒளி வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில் போகிற ஒரு பயணி. வீட்டுக் கடிகாரத்தில் 5 விநாடி ஆகிறது. பயணியின் கைக்கடிகாரத்தில் எவ்வளவு?

ஊர் வரைபடமாக இருந்தால் 25ஐயும் 9ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுப்போம். இங்கே கழிக்க வேண்டும். 25 கழித்தல் 9, 16. வர்க்கமூலம் 4. பயணிக்கு 4 விநாடிதான் கழிந்திருக்கிறது. ஸ்கேலை வைத்து அளந்தால் சாய்கோடு 5.8 கட்டம் வரும், வீட்டின் நட்டக் கோட்டைவிட நீளம். தாள் இந்த ஒரு இடத்தில் பொய் சொல்லும். கண்ணை நம்பாமல் கணக்கை நம்புங்கள். அதே பயணி அங்கே திரும்பி, அதே வேகத்தில் வீட்டுக்கு வந்தால் வீட்டில் 10 விநாடி, அவருக்கு 8. விநாடி இருந்த இடத்தில் வருஷம் போட்டுக்கொண்டால், இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர் 10 வயது கூடியிருக்க, மற்றவர் 8தான் கூடியிருப்பார்.

கதைதானே என்று தோன்றினால், மியூவான் துகளுக்குக் கணக்கு போடுங்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதி, தரைக்குச் சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் இவை உண்டாகின்றன. சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் ஒளியே 660 மீட்டர்தான் போகும். அப்படியும் தரைக்கு வந்து சேர்கின்றன. ஊட்டியில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இவற்றை எண்ணுவதற்கென்றே பெரிய மியூவான் தொலைநோக்கி வைத்திருக்கிறது. ஒளி வேகத்தில் 0.9995 பங்கில் வருகிற ஒன்றை எடுங்கள். நம் கடிகாரப்படி பயணம் 50 மைக்ரோ விநாடி, தூரம் அதே அலகில் 49.975. வர்க்கங்களைக் கழித்தால் 2.5 வரும், வர்க்கமூலம் 1.6 மைக்ரோ விநாடி. ஆயுளுக்குள் அடங்கிவிட்டது.

'இப்போது' என்ற கோடு

முதல் தாளில் 8 மணிக்கு ஒரு நட்டக் கோடு போட்டால், எல்லா ஸ்டேஷனுக்கும் அது ஒரே 8 மணி. அந்த ஒற்றுமையும் தானாக வந்ததில்லை. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் நேரம் வேறு. இந்திய ரயில்கள் சென்னை வானாய்வகத்தின் மெட்ராஸ் நேரத்தை வைத்து ஓடின. 1906இல்தான் இந்தியத் திட்ட நேரம் வந்தது. தந்திக் கம்பி வழியே எல்லாக் கடிகாரத்தையும் ஒன்றாக வைத்த பிறகு, 'இப்போது' என்பது எல்லாருக்கும் பொது என்று நமக்குப் பழகிவிட்டது.

இரண்டாவது தாளில் பயணியின் 'இப்போது' எது? அவருடைய கோடு பக்கவாட்டில் 3, மேலே 5 புள்ளி வழியாகப் போகிறதா, எண்களை மாற்றிப் போடுங்கள்: பக்கவாட்டில் 5, மேலே 3. மூலையிலிருந்து அந்தப் புள்ளிக்குப் புள்ளிக்கோடு இழுங்கள். அதன் மேல் இருக்கிற எல்லாச் சம்பவமும், பயணியைப் பொறுத்தவரை, அவர் கிளம்பிய அதே நொடியில் நடந்தவை. வீட்டில் இருப்பவருக்கோ அந்தப் புள்ளி 3 விநாடி பிந்தியது. இந்தப் படத்தில் நீங்கள் நிதானமாக உட்கார வேண்டிய இடம் இதுதான். ஒருவருக்கு வெறும் தூரமாகத் தெரிவது இன்னொருவருக்குத் தூரமும் நேரமும் கலந்ததாகத் தெரிகிறது. நாம் வைத்த சோதனையில் காலம் தேறிவிட்டது.

இதை இப்படி வடிவக் கணக்காக முதலில் சொன்னவர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி, 1908 செப்டம்பரில், ஜெர்மனியின் கொலோன் நகரில் பேசிய பேச்சில். ஜூரிச்சில் ஐன்ஸ்டைனுக்குக் கணக்கு நடத்திய ஆசிரியர். அடுத்த ஜனவரியில், 44 வயதில் இறந்துபோனார்.

ஆனால் அந்தக் கழித்தல் குறியை மறக்க வேண்டாம். வடக்கே பார்த்து நிற்கிறவர் மெல்லத் திரும்பித் தெற்கே பார்த்துவிடலாம். பயணியின் கோட்டை எவ்வளவு சாய்த்தாலும் 45 டிகிரியைத் தாண்டாது. அதனால் கீழ்நோக்கித் திரும்பவும் வழியில்லை. காலம் பரிமாணம்தான், ஆனால் நீளம் அகலம் உயரத்தின் ரகமில்லை. 'நாலாவது' என்று வரிசையில் சேர்த்துச் சொல்வது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் நாளைய தினம் ஏற்கனவே தாளில் இருக்கிறதா என்று கேட்பார்கள். தன் நண்பர் பெஸ்ஸோ 1955 மார்ச்சில் இறந்தபோது, நேற்று, இன்று, நாளை என்ற பிரிவே ஒரு பிடிவாதமான மாயை என்று அவர் குடும்பத்துக்கு ஐன்ஸ்டைன் எழுதினார். பெரிய மனிதர் சொன்னது. ஆனால் இந்தத் தாள் அப்படிச் சொல்லக் கட்டாயப்படுத்துவதாக எனக்குத் தோன்றவில்லை. நாங்களும் சாயங்கால வண்டிகளை மத்தியானமே பென்சிலில் லேசாகப் போட்டுவைப்போம்; ஒரு கூட்ஸ் என்ஜின் மக்கர் செய்தால் பாதியை அழிக்க வேண்டியிருக்கும். கோடு போட இடம் இருக்கிறது என்பதால் கோடு இருப்பதாக ஆகாது.

ஈர்ப்பு விசை இந்தத் தாளில் வராது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரம் வேகத்தால் கொஞ்சம் மெதுவாகி, உயரத்தால் அதைவிட வேகமாகி, நிகரமாக நாளுக்கு 38 மைக்ரோ விநாடி முந்தும். அதற்கு வளைந்த தாள் வேண்டும், கடையில் கிடைக்காது.

பிள்ளைகளோடு வரைவதாக இருந்தால் 5, 4 எடுங்கள், 3 வரும். 13, 12 எடுங்கள், 5 வரும். 17, 15 எடுங்கள், 8 வரும். பெரிய எண்ணை எப்போதும் நேர அச்சில் வையுங்கள். மாற்றி வைத்தால் வர்க்கமூலத்துக்குள் கழித்தல் எண் வந்து, கால்குலேட்டர் பிழை காட்டும்.