சிசிலியில் அயல் அரசகுலங்களின் ஆட்சி: வாசிப்பிலும் எழுத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிசிலித் தீவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல முற்படுபவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலில்தான் தொடங்குகிறார்கள்: நார்மன்கள், ஜெர்மானியர்கள், பிரெஞ்சுக்காரர்கள், அரகோனியர்கள், ஸ்பானியர்கள், சவோய் குலத்தார், ஆஸ்திரியர்கள், கடைசியாக நேப்பிள்ஸின் போர்போன்கள். பட்டியலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்து முடிக்கும்போது, ஒருவன் சுரண்டிவிட்டுப் போனதும் அடுத்தவன் வந்தான், தீவின் மக்கள் எண்ணூறு ஆண்டுகள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற எண்ணமே மனத்தில் தங்கிவிடுகிறது. ஆள வந்தவர் எந்த ஊர்க்காரர் என்பதை மட்டும் கேட்பதால் வரும் கோளாறு இது. அவர் எந்த நகரில் அமர்ந்து, யாருடைய சம்மதத்தோடு, எந்தச் சட்டத்தின் பெயரால் ஆண்டார் என்று கேட்டால் கதை வேறு விதமாகத் தெரியும்.

அரசரின் பிறப்பை வைத்து அரசை எடைபோடுவது

நார்மண்டியின் ஓத்வீல் குடும்பத்தைச் சேர்ந்த ராபர்ட் கிஸ்கார்டும் அவருடைய தம்பி ரோஜரும் 1061-இல் மெசினாவைக் கைப்பற்றினார்கள். 1072-இல் பலேர்மோ வீழ்ந்தது. 1091-இல் நோட்டோவும் பணிந்தது. இது படையெடுப்பு என்பதில் ஐயம் இல்லை. ஆனால் 1130-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பலேர்மோவில் முடிசூடிய இரண்டாம் ரோஜர், நார்மண்டியின் சார்பில் ஆண்டவர் அல்லர். அவருடைய அரசின் தலைநகரம் பலேர்மோதான். அவர் வசூலித்த வரியும் வடக்கே எந்தத் தாய்நாட்டுக்கும் போகவில்லை.

அடுத்து வந்த ஹோகென்ஸ்டாஃபன்களை ‘ஜெர்மானிய ஆட்சி’ என்று ஒரு சொல்லில் முடிப்பதும் இதே வகைத் தவறு. பேரரசர் ஆறாம் ஹென்றி 1194-இல் பலேர்மோவில் முடிசூடியது படைபலத்தால் மட்டும் அன்று. அவருடைய மனைவி கான்ஸ்டன்ஸ் இரண்டாம் ரோஜரின் மகள். அவர்களுக்குப் பிறந்த இரண்டாம் ஃபிரடெரிக் இத்தாலியின் யேசி நகரில் பிறந்தார், பலேர்மோவில் வளர்ந்தார், 1250-இல் தென் இத்தாலியின் அபூலியாவில் இறந்து பலேர்மோ பேராலயத்தில் அடக்கமானார். ஆட்சிக் காலத்தின் பெரும்பகுதியை ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே கழித்த ஒருவரை ‘அந்நிய ஜெர்மானியர்’ என்று எழுதுபவர்கள், பெண்வழி உரிமை என்ற ஒன்று அக்காலத்தில் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பெயரிலும் எண்ணிலும் ஏமாறுவது

1282-க்குப் பின் ஆவணங்களில் ‘சிசிலியின் அரசர்’ என்று வந்தால், அவர் தீவை ஆண்டவர் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. அந்த ஆண்டுக் கலகத்தில் தீவை இழந்து நேப்பிள்ஸில் இருந்து ஆண்ட பிரெஞ்சு ஆன்ஷூ குலத்தார் அந்தப் பட்டத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை. 1302-இல் கல்தபெல்லோத்தாவில் ஏற்பட்ட உடன்படிக்கை, தீவை ஆண்ட, ஸ்பெயினின் வடகிழக்கில் இருந்த அரகோன் அரசின் குலத்து ஃபிரடெரிக்குக்கு, தீவின் பழைய பெயரில் ‘திரினாக்ரியாவின் அரசர்’ என்ற பட்டத்தை அளித்தது. அவர் இறந்ததும் தீவு ஆன்ஷூ குலத்துக்குத் திரும்ப வேண்டும் என்றும் விதித்தது. அப்படித் திரும்பவில்லை. ஒரே பெயரில் இரண்டு அரசுகள் என்ற நிலை தொடர்ந்ததால்தான், 1442-இல் நேப்பிள்ஸையும் கைப்பற்றிய அரகோனின் ஐந்தாம் அல்ஃபோன்சோ தம்மை ‘இரு சிசிலிகளின் அரசர்’ என்று அழைத்துக்கொள்ள நேர்ந்தது.

வரிசை எண்களும் இப்படித்தான் ஆளை மயக்கும். பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக், சிசிலி அரசர்களின் வரிசையில் முதலாமவர். ஆனால் அரகோன் குலத்து ஃபிரடெரிக் தம்மை மூன்றாமவர் என்று எண்ணிக்கொண்டார். அதன் விளைவாக அவருடைய பேரன் ஃபிரடெரிக் சில நூல்களில் மூன்றாமவராகவும் சில நூல்களில் நான்காமவராகவும் வருகிறார். போர்போன் குலத்து ஃபெர்டினாண்டோ நேப்பிள்ஸில் நான்காமவர், சிசிலியில் மூன்றாமவர், 1816-க்குப் பின் இரு சிசிலிகளுக்கும் முதலாமவர். மூவரும் ஒருவரே.

நார்மன் காலத்தைப் பொற்காலமாக மட்டும் காண்பது

வியன்னாவின் அரச கருவூலத்தில் இரண்டாம் ரோஜரின் சிவப்புப் பட்டு மேலங்கி ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு மரம். அதன் இரு புறமும் ஒட்டகத்தை வீழ்த்தி அதன்மேல் நிற்கும் சிங்கம். பொன்னிழையிலும் முத்திலும் வேலைப்பாடு. அதன் விளிம்பில் ஓடும் அரபு எழுத்து, அது சிசிலியின் தலைநகரில் அரச பட்டறையில் ஹிஜ்ரி 528-இல் செய்யப்பட்டது என்கிறது. கிறித்துவ அரசர் ஒருவரின் உடையில் இஸ்லாமிய ஆண்டுக்கணக்கு! பலேர்மோவில் கிரிசாந்துஸ் என்ற பாதிரியார் தம் தாய் அன்னாவின் நினைவாக 1149-இல் வைத்த கல்லறைப் பலகை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் ஒரே செய்தி லத்தீனிலும் கிரேக்கத்திலும் அரபியிலும், எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட அரபியிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சமூகத்துக்கும் அதனதன் ஆண்டுக்கணக்கிலேயே தேதி குறிக்கப்பட்டிருக்கிறது. அரண்மனைத் தேவாலயத்தின் இஸ்லாமியப் பாணி மரக்கூரை, ரோஜருக்காக அரபு அறிஞர் அல் இத்ரீசி 1154-இல் முடித்த புவியியல் நூல் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் ‘மத நல்லிணக்கத்தின் பொற்காலம்’ என்று எழுதிவிடுவதில் வியப்பில்லை.

அந்த மேலங்கியும் பலகையும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவை அரசவையின் சாட்சிகள். நிர்வாகத்துக்கு அரபு எழுத்தர்களும் கிரேக்க அதிகாரிகளும் தேவைப்பட்டார்கள். தேவைப்பட்டவரை அவர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. ரோஜரின் கடற்படைத் தலைவர்களில் ஒருவரான மஹ்தியாவின் ஃபிலிப், மறைவில் இஸ்லாத்தைக் கடைப்பிடித்தார் என்ற குற்றச்சாட்டில் 1153-இல் எரிக்கப்பட்டார். 1161-இல் பிரபுக்கள் கலகம் செய்தபோது பலேர்மோவிலும் தீவின் பிற பகுதிகளிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1184-இன் இறுதியில் மெசினா அருகே கப்பல் உடைந்து கரைசேர்ந்த பயணி இப்னு ஜுபைர், இரண்டாம் வில்லியமின் அரண்மனைப் பணியாளர்களில் பலர் தம் மதத்தை ஒளித்து வாழ்வதைப் பதிவுசெய்தார். அந்த வில்லியம் 1189-இல் இறந்தவுடன் மீண்டும் தாக்குதல்கள் நடந்தன. 1220-களில் இருந்து இரண்டாம் ஃபிரடெரிக் தீவின் முஸ்லிம்களைப் பெயர்த்து அபூலியாவின் லூச்சேராவில் குடியேற்றினார். 1300-இல் ஆன்ஷூ அரசர் இரண்டாம் சார்லஸ் அந்தக் குடியிருப்பையே அழித்தார். அரபு அறிஞர்களை அவையில் வைத்துப் போற்றியவரும், அரபு பேசிய குடிகளைக் கப்பலேற்றியவரும் ஒரே ஃபிரடெரிக்தான். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுவது வசதியானது, சரியானது அன்று.

1282-ஐ இத்தாலிய விடுதலைப் போராக்குவது

ஈஸ்டருக்கு மறுநாள், 1282 மார்ச் 30, மாலை வழிபாட்டு நேரம். பலேர்மோ நகருக்கு வெளியே, தூய ஆவி தேவாலயத்தின் முன் கூடியிருந்த கூட்டத்தில் பிரெஞ்சு வீரன் ஒருவன் ஒரு பெண்ணிடம் அத்துமீறியதாகவும், அங்கே வெடித்த சண்டை பிரெஞ்சுக்காரர்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்படுவதில் முடிந்ததாகவும் சொல்லப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இத்தாலிய தேசியவாதிகள் இதைத் தங்கள் போராட்டத்தின் முன்னோடியாக வரித்துக்கொண்டார்கள். ‘மாஃபியா’ என்ற பெயரே இத்தாலிக்காகப் பிரெஞ்சுக்காரர்களுக்கு மரணம் கோரிய அன்றைய முழக்கத்தின் முதலெழுத்துகள்தான் என்ற கட்டுக்கதை இணையத்தில் இன்றும் சுற்றுகிறது. 1282-இல் பலேர்மோவின் கலகக்காரர்களுக்கு ஒன்றுபட்ட இத்தாலி என்ற கனவு இருக்கவில்லை. மாஃபியா என்ற பெயரும் 1860-களில்தான் பரவலாகப் பதிவாகிறது.

அப்போது தீவை ஆண்ட பிரெஞ்சுக்காரரான ஆன்ஷூவின் சார்லஸ் மீது இருந்த ஆத்திரத்துக்கு வேறு காரணங்கள் இருந்தன. அவர் ஆட்சியின் மையத்தை நேப்பிள்ஸுக்கு நகர்த்தியதால் பலேர்மோ ஒதுங்கிப்போனது. கான்ஸ்டான்டிநோபிள் மீது படையெடுப்பதற்காக அவர் மெசினாவில் திரட்டிய கப்பற்படைக்கு வரிச்சுமையைத் தாங்கியதும் தீவுதான். கிளர்ந்தெழுந்த நகரங்கள் முதலில் போப்பின் பாதுகாப்பில் தன்னாட்சி நகரங்களாக இருக்கவே விரும்பின. பிரெஞ்சுக்காரரான போப் நான்காம் மார்ட்டின் மறுத்துவிட்டார். அதன் பின்னரே அரகோனின் மூன்றாம் பெத்ரோவுக்கு அழைப்பு போயிற்று. அவரும் ஆகஸ்ட் இறுதியில் திராபானியில் கரையிறங்கினார். அவர் காட்டிய உரிமையும் மனைவி வழி வந்ததே: 1266-இல் பெனவென்டோ போரில் மடிந்த சிசிலி அரசர் மான்ஃபிரெடின் மகள் கான்ஸ்டன்ஸ்தான் அவருடைய மனைவி. ஆக, ஓர் அயலாரை விரட்டியவர்கள் இன்னோர் அயலாரைத் தாங்களே வரவேற்றார்கள். அவர்களுக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை என்பதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த நூற்றாண்டுகளைத் தொடவே கூடாது.

ஸ்பெயினின் காலனி என்று எழுதுவது

1415 முதல் தீவை வைஸ்ராய்கள் நிர்வகித்தார்கள். 1535-இல் துனிஸ் வெற்றியோடு வந்த ஐந்தாம் சார்லஸுக்குப் பிறகு 1713 வரை எந்த அரசரும் தீவில் கால் வைக்கவில்லை. இந்த இரண்டு செய்திகளும் சேர்ந்து ‘காலனி’ என்ற சொல்லை எளிதில் வரவழைக்கின்றன. ஆனால் சட்டப்படி சிசிலி ஒரு தனி அரசு; அதன் அரசர் வேறு அரசுகளுக்கும் அரசராக இருந்தார், அவ்வளவே. பிரபுக்கள், திருச்சபை, அரச நகரங்கள் என மூன்று அவைகள் கொண்ட அதன் நாடாளுமன்றம் கூடித்தான் அரசருக்கு நிதி ஒதுக்கியது. தானிய வருவாயில் கொழித்த பிரபுக்கள் தீவின் பிரபுக்களே. குத்தகைதாரரும் கூலியாளும் அன்றாடம் அஞ்சியது அவர்களைத்தான், கண்காணாத மாட்ரிட்டை அன்று. 1647-இல் ரொட்டி விலைக்காகப் பலேர்மோ கொதித்தபோதுகூட அரசர் வாழ்க என்றும் வரி ஒழிக என்றும்தான் கூவினார்கள். 1674-இல் மெசினா ஸ்பெயினுக்கு எதிராக எழுந்து பிரெஞ்சுக் கப்பற்படையை அழைத்தது, பலேர்மோ அசையவில்லை. 1678-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைவிட்டுப் போனதும் மெசினா தன் சலுகைகளையும் பல்கலைக்கழகத்தையும் இழந்தது. ஆகவே ‘சிசிலியர்கள் ஸ்பெயினை எதிர்த்தார்கள்’ என்ற வாக்கியத்தில் எழுவாயே தவறு.

இதை வைத்து ஸ்பானிய ஆட்சிக்கு நற்சான்றிதழ் எழுதுவதும் ஆகாது. 1492-இல் யூதர்களை வெளியேற்றும் ஆணை வந்தபோது, பொருளாதார நட்டத்தைச் சுட்டிக்காட்டித் தீவின் அரச அதிகாரிகளே முறையிட்டும் பயனில்லாமல் போயிற்று. மதவிசாரணை மன்றம் வைஸ்ராய்க்குக் கட்டுப்படாமல் நேரடியாக ஸ்பெயினின் கீழ் இயங்கியது. அது அமர்ந்திருந்த பலேர்மோவின் ஸ்தேரி மாளிகைச் சிறையறைகளில், கைதிகள் சுவரில் தீட்டிய புனிதர் உருவங்களும் கப்பல்களும் செய்யுள் வரிகளும் இன்றும் காணக்கிடைக்கின்றன. இங்கேயும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: சாதாரண நீதிமன்றங்களில் இருந்து விலக்குக் கிடைக்கும் என்பதற்காக அந்த மன்றத்தின் உறுப்பினராகப் பதிந்துகொள்ள உள்ளூர்ப் பெருந்தனக்காரர்கள் முண்டியடித்தார்கள். 1782-இல் அதை ஒழித்தவரோ போர்போன் அரசு அனுப்பிய வைஸ்ராய் கராச்சோலோ.

தென்கிழக்கு நகரங்களின் எழிலை ‘ஸ்பானிய பரோக்’ என்று எழுதுவதையும் தவிர்க்கலாம். 1693 ஜனவரி 11 நிலநடுக்கத்துக்குப் பின் நோட்டோவையும் கத்தானியாவையும் மீண்டும் எழுப்பிய கலைஞர்களில் முதன்மையானவர்கள் சிராகூசாவில் பிறந்த கல்யார்தி, பலேர்மோவில் பிறந்த வக்கரீனி போன்ற தீவின் பிள்ளைகள்.

1816-ஐத் தாண்டிக் குதிப்பது

1713-இல் சவோய், 1720-இல் ஆஸ்திரியா, 1735-இல் போர்போன் என்று விரைந்து மாறிய மகுடங்களுக்கு ஒரு பத்தி போதும். அதைவிட முக்கியமானது நெப்போலியன் காலம். நேப்பிள்ஸை இழந்த ஃபெர்டினாண்டோ பிரிட்டிஷ் படையின் நிழலில் பலேர்மோவில் தங்கியிருந்தபோது, 1811-இல் அங்கே வந்து சேர்ந்தவர் வில்லியம் பெண்டிங்க். நமக்குப் பழகிய பெயர்தான். சென்னையின் ஆளுநராக இருந்து, 1806 வேலூர்ப் புரட்சியை அடுத்துத் திரும்ப அழைக்கப்பட்டவர். 1812-ஆம் ஆண்டு சிசிலிக்கு அரசியலமைப்பு ‘வழங்கியவர்’ என்று அவரைச் சொல்வது வழக்கம். அவருடைய அழுத்தம் இல்லாமல் அது வந்திருக்காது என்பது உண்மை; ஆனால் அதன் வரைவில் பவோலோ பல்சாமோ என்ற சிசிலியப் பாதிரியாரின் கை பெரிது, நிறைவேற்றியது தீவின் பழைய நாடாளுமன்றம். நிலப்பிரபுத்துவத்தை ஒழித்தவர்களும் பிரபுக்களே. அதனால்தான் மானிய நிலங்கள் உழுதவனுக்குப் போகாமல் அவர்களுடைய தனிச்சொத்தாகவே மாறின. தீவின் பிற்கால வறுமைக்கு அயல் அரசர்களை மட்டும் குற்றம் சாட்டுபவர்கள் இந்த ஆண்டை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

1816 டிசம்பரில் ஃபெர்டினாண்டோ நேப்பிள்ஸ், சிசிலி ஆகிய இரு அரசுகளையும் ஒரு சட்டத்தால் ஒன்றாக்கினார். 1130-இல் தொடங்கிய தனி அரசு அத்துடன் முடிந்தது; நாடாளுமன்றமும் தனிக்கொடியும் போயின; நேப்பிள்ஸ் தலைநகரமாயிற்று. பெரும்பாலான சுருக்க வரலாறுகள் வெறும் பெயர் மாற்றமாகக் கடந்துவிடும் இந்தச் சட்டமே, என் பார்வையில், தீவின் வரலாற்றில் மிகப் பெரிய முறிவு. 1820-இலும் 1848 ஜனவரி 12-இலும் பலேர்மோ எழுந்தது இதற்கு எதிராகத்தான். 1848-இல் போர்போன்களைப் பதவிநீக்கம் செய்த சிசிலி நாடாளுமன்றம் காலியான அரியணைக்கு உள்ளூர்க்காரர் எவரையும் தேடவில்லை. சவோய் குலத்து ஜெனோவா கோமகனுக்கு அதை அளிக்க முன்வந்தது. அவர் ஏற்கவில்லை, 1849-இல் நேப்பிள்ஸின் படை தீவை மீட்டுக்கொண்டது.

அதே சவோய் குலம் 1713-ஆம் ஆண்டுப் பக்கத்தில் ‘அயல் ஆட்சி’ என்றும், 1860-ஆம் ஆண்டுப் பக்கத்தில் ‘தேசிய விடுதலை’ என்றும் ஒரே நூலில் எழுதப்படுவதுதான் கடைசித் தவறு. இத்தாலிய ஒருங்கிணைப்புப் போராளி கரிபால்டி தீவின் மர்சாலாவில் இறங்கிய பிறகு நடந்த பொதுவாக்கெடுப்பில் தீவு இத்தாலியோடு இணைந்தது; தன்னாட்சி வேண்டும் என்று அதே ஆண்டு கூடிய சிசிலியக் குழு அளித்த பரிந்துரையை சவோய் அரசின் தலைநகரான தூரின் கண்டுகொள்ளவில்லை. போர்போன்கள்கூடத் தீவின் மீது திணிக்காத கட்டாய ராணுவச் சேவை புதிய அரசோடு வந்தது. 1866 செப்டம்பரில் பலேர்மோ மறுபடி எழுந்து ஒரு வாரம் நகரைத் தன் கையில் வைத்திருந்தது. கடலில் இருந்து குண்டு வீசியும் தரைப்படையை இறக்கியும் அதை அடக்கியது இத்தாலிய அரசு.