தண்ணீரில் வைத்த தண்டு ஏன் அழுகிப்போகிறது?

மணி பிளாண்டைத் திருடி வைத்தால்தான் செழிக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி அவசரமாகக் கிள்ளும்போது கையோடு வருவது பெரும்பாலும் ஓர் இலையும் அதன் காம்பும் மட்டும்தான். அதைக் கண்ணாடி டம்ளரில் போட்டு வைத்தால் வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். சில சமயம் காம்பின் அடியில் ஒன்றிரண்டு வேர்கூட எட்டிப் பார்க்கும். ஆனால் தளிர் வராது. ஆறு மாதம் காத்திருந்தாலும் அது அதே ஓர் இலைதான்.

கணு இல்லாததுதான் காரணம். கரும்பு நடுகிறவர்கள் கரணை, அதாவது நடுவதற்கான துண்டு, வெட்டும்போது கணுவில் பரு என்னும் மொட்டு இருக்கிறதா என்று பார்த்துத்தான் வெட்டுவார்கள். பரு இல்லாத துண்டு முளைக்காது. தண்டு வெட்டி வளர்க்கும் வீட்டுச் செடிக்கும் அதே கணக்குதான். மணி பிளாண்ட் கொடியைக் கையில் எடுத்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மோதிரம் போட்டதுபோல் லேசான புடைப்பு தட்டுப்படும். அதுதான் கணு. அதை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் சின்ன மேடு இருந்தால் அது காற்றில் வளரும் வேரின் தொடக்கம். காம்புக்கும் தண்டுக்கும் நடுவில், அக்குள் மாதிரியான இடுக்கில், புதுத் தளிருக்கான மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். இந்த இரண்டும் நீங்கள் வெட்டும் துண்டில் இருக்க வேண்டும். கணுவுக்கு ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் கீழே வெட்டுங்கள். கத்தி கூர்மையாகவும் சுத்தமாகவும் இருக்கட்டும். மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும், அழுகல் அந்த நசுங்கிய இடத்தில்தான் தொடங்கும்.

நீளமாக வெட்டினால் சீக்கிரம் பெரிய செடி கிடைக்கும் என்று ஒரு முழக் கொடியை அப்படியே பாட்டிலில் இறக்குவதும் சரியல்ல. வேர் வரும்வரை அத்தனை இலைகளுக்கும் தண்ணீர் ஏற்றுவது அந்த வெட்டுவாய் மட்டும்தான். இரண்டு மூன்று இலைகள் போதும். அதே ஒரு முழத்தை நான்கு துண்டாக்கினால் நான்கு செடி.

தண்டுக்குக் காற்றும் வேண்டும்

நான் இதில் அதிகம் சொல்ல நினைப்பது இதைத்தான். தண்ணீரில் வைத்தாயிற்று, இனி அது தானாக வேர் விடும் என்று விட்டுவிடுகிறோம். வேர் என்பது உயிருள்ள திசு, அது சுவாசிக்கிறது. அதற்குத் தேவையான ஆக்சிஜன் தண்ணீரில் கரைந்திருக்கும் கொஞ்சத்திலிருந்துதான் கிடைக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 35 டிகிரிக்குப் போனால் அது சுமார் 7 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அந்த வெப்பத்தில் பாக்டீரியாவும் வேகமாகப் பெருகும், அதுவும் அதே ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மேற்குப் பார்த்த ஜன்னலில் வைத்த தண்டு மூன்றே நாளில் கொழகொழவென்று ஆவது இதனால்தான்.

வண்ண இலைச் செடியான கோலியஸின் தண்டுகள் எனக்கு அப்படித்தான் போயின. காலையில் பார்க்கும்போது இலைகள் நன்றாக நிமிர்ந்தே இருந்தன. தண்டை வெளியே எடுத்தால் அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தோல் தனியாகக் கழன்று வந்தது, பழைய பூச்சாடித் தண்ணீரின் நாற்றம். பாட்டிலைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. மேலே பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆகவே வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி வைத்தால் போதும். கண்ணாடி பாட்டிலில் வெயில் பட்டால் பாசியும் பிடிக்கும். வேர் வருவதைப் பார்க்கும் ஆசைக்குக் கண்ணாடிதான் நல்லது, மறுக்கவில்லை. வெளியே ஒரு பழுப்புக் காகிதத்தைச் சுற்றிவிட்டு, பார்க்க வேண்டும்போது மட்டும் கழற்றிப் பார்க்கலாம்.

தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பவும் வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு கணு மூழ்கினால் போதும். மூழ்கும் பகுதியில் ஓர் இலைகூட இருக்கக் கூடாது. தண்ணீருக்குள் கிடக்கும் இலை அழுகும், அந்த அழுகல் தண்டுக்கு ஏறும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுப் பாட்டிலில் இறக்குங்கள்.

கொசுவை மறந்துவிடாதீர்கள்

தண்ணீரை மாற்றுவதில் நாம் காட்டும் சோம்பல் செடியோடு முடிவதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் தேங்கிய தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடித்தமானது. முட்டை, பறக்கும் கொசுவாக ஆவதற்கு நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு முறையாவது தண்ணீரை முழுதாகக் கொட்டி மாற்ற வேண்டும். கோடையில் நான் மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்றுகிறேன். கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டிலின் வாயில் கொஞ்சம் பஞ்சையோ கொசுவலைத் துண்டையோ சுற்றி வைத்தால் இன்னும் நிம்மதி. தண்ணீர் மாற்றும்போதே தண்டின் மேல் வழுவழுப்பு இருந்தால் விரலால் மெதுவாகத் துடைத்துவிடலாம். அடி கறுத்திருந்தால் கறுப்புக்கு மேலே, நல்ல திசுவில் மறுபடி வெட்டி வையுங்கள். ஒரு கணு மிஞ்சினாலும் பிழைத்துவிடும்.

எந்தத் தண்ணீர்? மழைத் தண்ணீர் கிடைத்தால் அருமை. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். ஆர்ஓ இயந்திரம் கழித்து வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும், வெட்டிய தண்டுக்கு அது வேண்டாம். சர்க்கரை, தேன் போட்டால் வேர் சீக்கிரம் வரும் என்பார்கள். சர்க்கரை பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. உரமும் வேர் வரும்வரை தேவையில்லை. வேர் விடத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன் நுனித் தளிரில் சுரந்து, கீழே இறங்கி வெட்டுவாயில் சேர்கிறது. தண்டிடம் தேவையானது ஏற்கெனவே இருக்கிறது.

எல்லாச் செடிக்கும் ஒரே நாள்கணக்கு கிடையாது. கோலியஸ் ஒரு வாரத்தில் வேர் காட்டிவிடும். மணி பிளாண்ட், சிங்கோனியம் இரண்டு மூன்று வாரம். கற்பூரவல்லியும் சீக்கிரம் வரும். துளசி வைப்பதென்றால் கதிர் விடாத இளந்தண்டாகப் பாருங்கள். ஸ்நேக் பிளாண்ட் இலைத்துண்டு ஒரு மாதம், இரண்டு மாதம்கூட எடுக்கும். இசட் இசட் பிளாண்ட் இன்னும் நிதானம், பல மாதம் ஆகலாம். பத்தாம் நாளே செத்துவிட்டது என்று தூக்கிப் போடுவது இந்த இரண்டுக்கும் நடக்கும் அநியாயம். இலை உறுதியாக இருக்கும்வரை காத்திருங்கள்.

ஸ்நேக் பிளாண்டில் இன்னும் இரண்டு விஷயம். இலையைத் துண்டு போடும்போது எது அடி, எது நுனி என்று குழம்பிவிடும். தலைகீழாக வைத்தால் வேர் வராது. வெட்டிய உடனே அடிப்பக்கத்தில் முக்கோணமாக ஒரு வெட்டுப் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், மஞ்சள் ஓரம் உள்ள வகையை இலைத்துண்டிலிருந்து வளர்த்தால் வரும் குட்டிக்கு மஞ்சள் இருக்காது, வெறும் பச்சைதான். அந்த மஞ்சள் வேண்டுமானால் தாய்ச்செடியின் பக்கக்கன்றைப் பிரித்து நடுவதுதான் வழி.

மண்ணுக்கு மாற்றும்போது

இங்கேதான் நல்ல வேர் விட்ட செடியும் போய்விடுகிறது. தண்ணீரில் வந்த வேர் வெள்ளையாக, சதைப்பற்றாக, சட்டென்று ஒடியக்கூடியதாக இருக்கும். மண்ணிலிருந்து நீரை உறிஞ்ச உதவும் மெல்லிய தூவிகள் அதில் குறைவு. அரை அடி நீளம் வளரட்டும் என்று காத்திருந்தால் அத்தனையும் தண்ணீருக்குப் பழகிவிடும், மண்ணில் தடுமாறும். இரண்டு அங்குலம் வந்து, கிளை பிரியத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள். பாட்டிலிலேயே வளர்க்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் கவலை இல்லை. அப்போது மாதம் ஒரு முறை மிகவும் நீர்த்த திரவ உரம் சில சொட்டு விட்டால் இலை வெளிறாது.

தொட்டி நான்கு அங்குலம் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவில் கலந்து, விரலால் குழி செய்து, வேரை மடக்காமல் இறக்குங்கள். அழுத்திக் குத்த வேண்டாம், தண்ணீர் ஊற்றினால் மண் தானாகப் படியும். மாலையில் நடுவது நல்லது.

முதல் பத்து நாள், இரண்டு வாரம் மண் காயவே கூடாது. வீட்டுச் செடிக்கு மேல் மண் காய்ந்த பிறகு தண்ணீர் என்று எல்லோரும் சொல்வது, மண்ணில் பழகிய செடிக்குத்தான். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விடலாம். இந்த நாட்களில் அடி இலை ஒன்று மஞ்சளாகி விழும். பயந்துபோய்ப் பிடுங்கி வேரைப் பார்க்காதீர்கள், அப்படித் தொட்ட வேர்தான் ஒடியும். கணுவின் இடுக்கை மட்டும் பாருங்கள். பச்சை நுனி ஒன்று ஊசிபோல் சுருண்டு வெளியே வந்திருந்தால் வேர் மண்ணைப் பிடித்துவிட்டது.