'குரூப்புல பேசிட்டோம்' என்று மூடப்படும் இஷ்யூக்கள்

வடசென்னையில் கல்லூரி முடித்த கையோடு திறமூலத் திட்டம் (நிரலை யாரும் பார்த்து மாற்றலாம்) தொடங்கும் குழுக்கள் திரும்பத் திரும்ப அதே குழிகளில் விழுகின்றன. மரியாதையாகப் பேசு, ஏற்கெனவே பதிவானதா என்று தேடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

முடிவை சாட்டிலேயே விட்டுவிடுவது

மழைநீர் தேங்கும் இடங்களைக் குறிக்கும் செயலி ஒன்று என்று வைத்துக்கொள்வோம். டெலிகிராம் குழுவில் நிரல் எழுதுபவர்களோடு கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி ஆட்களும் இருக்கிறார்கள். செயலி ஆழத்தைச் சென்டிமீட்டரில் கேட்கிறது. கணேசபுரம் சுரங்கப்பாதை வழியாக ஆட்டோ ஓட்டுபவர் வாய்ஸ் நோட் போடுகிறார்: "மழையில யாருப்பா டேப்பு வெச்சு அளந்துனு இருப்பான்? கணுக்கால், முட்டி, இடுப்புன்னு போடு. எங்களுக்கு சைலன்சர்ல தண்ணி ஏறுமா ஏறாதான்னு தெரிஞ்சா போதும்." எல்லோருக்கும் சம்மதம். அன்றிரவே ஒருவர் நிரலை மாற்றி, இஷ்யூவில் (நிரலை வைக்கும் கிட்ஹப் தளத்தில் குறையையோ வேலையையோ பதியும் பக்கம்) "குரூப்புல பேசிட்டோம்" என்று எழுதி மூடுகிறார். இந்த ஒரு வரியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

அடுத்த பருவமழைக்கு முன் புதியவர் ஒருவர் வருகிறார். முட்டி அளவு ஆளுக்கு ஆள் மாறுமே என்று மறுபடி சென்டிமீட்டராக்குகிறார். அவர்மேல் குற்றமில்லை, காரணம் எங்குமே எழுதப்படவில்லை. மக்கள் குத்துமதிப்பாக 30 என்று தட்டுகிறார்கள். வரைபடம் குப்பையாகிறது. ஆட்டோக்காரர் இன்னொரு தடவை வாய் திறக்க மாட்டார், அவ்வளவுதான்.

பேச்சு எங்கே நடந்தாலும் சரி, முடிவு இஷ்யூவில் நான்கு வரியாக ஏற வேண்டும்: என்ன சிக்கல், யார் சொன்னது, எந்த வழியை ஏன் ஒதுக்கினோம், எதைத் தேர்ந்தோம். யார் என்பதற்கு 'ஆட்டோ ஓட்டுநர்' போதும். பெயரும் எண்ணும் வேண்டாம். வாய்ஸ் நோட்டை அவர் சொன்ன சொல்லிலேயே தட்டச்சு செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட் போட்டால் உள்ளே இருப்பது தேடலில் கிடைக்காது, போன் நம்பர்களும் வெளியே போகும். தனிக்குழுச் செய்தியின் இணைப்பும் வீண், உறுப்பினர் அல்லாதவருக்குத் திறக்காது. எழுதியதைக் குழுவில் திரும்ப ஒட்டி, "இதானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அப்பாச்சி என்ற திறமூல அமைப்பின் திட்டங்களில் வாக்கெடுப்புக்குக் குறைந்தது 72 மணி நேரம் விடுவது வழக்கம். துறைமுகத்தில் ஷிப்ட் பார்ப்பவருக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

எல்லோரையும் கிட்ஹப்புக்கு இழுப்பது

காசிமேட்டு ஏலத்துக்கு நடுவே யாரும் கணக்குத் தொடங்கி இஷ்யூ எழுதப்போவதில்லை. வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, குழுவில் வந்த புகார்களை அவர் பதியட்டும். சரியானதும் சொன்னவருக்கு அவரே தகவல் சொல்லட்டும். கிட்ஹப்பில் இருப்பவர்களுக்குக் கேள்வியும் யோசனையும் டிஸ்கஷன்ஸ் என்ற பேச்சுப் பகுதியில், செய்து முடிக்கக்கூடிய வேலை மட்டும் இஷ்யூவில். டிஸ்கஷன்ஸை செட்டிங்ஸில் போய் இயக்க வேண்டும்.

நிரல் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பு மட்டும் தருவது

புதியவர்களுக்கென ஒதுக்கும் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' பட்டியலைத் திறந்தால் பெரும்பாலும் நிரல் வேலைதான். 'நிரல் வேண்டாம்' என்று தனி லேபிள் வையுங்கள். வெளியீட்டுக்கு முன் நாலைந்து பேரின் சொந்த போனில், முடிந்தால் பழைய போனில், செயலியைப் போட்டு, "உங்க தெருவுல தண்ணி நிக்கிறதைப் பதிங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு பேசாமல், விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். "மேல இருக்கு பாருங்கண்ணே" என்று காட்டிக்கொடுத்தால் சோதனை கெட்டது.

நன்றி சொல்ல கமிட்டை எண்ணுவது

கிட்ஹப்பின் பங்களிப்பாளர் வரைபடம் கமிட்டை, அதாவது நிரலில் பதிந்த மாற்றத்தை, வைத்தே வருகிறது. அதில் சோதித்தவரும் புகார் சொன்னவரும் வரமாட்டார்கள். திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் பெயர் போடுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு.

பாதுகாப்பு ஓட்டையைக் குழுவில் போடுவது

கூடாது. பராமரிப்பாளருக்குத் தனியாக.